அணு ஆலை நிலத்தில் அக்கா வைத்த மஞ்சள்

1

பங்காருபாளையத்தில் இன்றைக்கும் என்னை சர்வேயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "மண்ணு அளக்கறேன்" என்று போனில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் நிலத்துப் பாஸ்புக்கையும் அடங்கலையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டானாம், நான் வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். அது என் வேலை இல்லை என்றால், "பெரிய எடத்துக்குப் போயிட்டான், இன்னாத்துக்கு வரப்போறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இந்த மாதத்தோடு நாங்கள் அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அந்தச் சாக்கில் என் வேலை என்ன என்பதை ஒரு தடவை விளக்கமாக எழுதிவிடுகிறேன். இனிமேல் யாரும் அடங்கல் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

நாங்கள் இருப்பது மேற்கே, மழை குறைவான ஒரு பகுதி. ஆறு ஒன்று பெரிதாக ஓடுகிறது, அதைத் தவிரப் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய யுத்த காலத்தில் அணுகுண்டுக்கு வேண்டிய சரக்கைத் தயாரிக்கும் ஆலை இங்கே இருந்தது. நின்று பல காலம் ஆகிவிட்டது. நிறுத்துவதற்கு ஒரு உத்தரவு போதும். அது விட்டுப்போன அழுக்கைக் கழுவத்தான் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வேண்டியிருக்கிறது. கட்டடங்களை அறுத்து எடுக்கிறார்கள். கெட்டுப்போன மண்ணைத் தோண்டி, தண்ணீர் இறங்காதபடி அடியில் விரிப்பு போட்ட பெரிய பள்ளங்களுக்குக் கொண்டுபோய் மூடிக் காவல் வைக்கிறார்கள். நிலத்தடி நீரை மேலே இறைத்துச் சுத்தம் செய்கிறார்கள். தோண்டிய இடத்தில் இன்னும் கதிர்வீச்சு மிச்சம் இருக்கிறதா என்று அளப்பவர்களில் நான் ஒருவன். திருப்பதியில் பிசிக்ஸ் படிக்கப் பஸ்ஸில் பாகாலா வந்து, அங்கிருந்து ரயிலில் நின்றுகொண்டே போனவனை அந்தப் படிப்பு இங்கே கொண்டுவந்து விட்டது.

உள்ளே நடுப்பகுதி என் ஆயுளில் முடியாது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு பகுதி முடிந்துவிட்டது. ஆலை ஓடிய காலத்தில் தொழிலாளர்களின் உடுப்புகளைத் துவைத்த லாண்டிரி இருந்த இடம் அது. தோண்டி, அளந்து, திரும்பத் தோண்டி, நல்ல மண் நிரப்பி, மறுபடி அளந்து, இனி இது ஜனங்கள் புழங்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. ஒரு பக்கம் சூரிய மின்சாரத் தகடுகள், ஒரு பக்கம் நடைபாதை, மிச்சத்தில் ஊர்க்காரர்கள் காய்கறி போடச் சின்னச் சின்னப் பாத்திகள் என்று முடிவாயிற்று.

பாத்தி வேண்டுமென்கிறவர்கள் பெயர் எழுதலாம் என்று நகராட்சி ஆபீசில் பலகை வைத்தார்கள். ஒருவரும் எழுதவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

வீட்டில் ராஜி சோற்றைப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். ராஜி என் மனைவி, நகரிக்காரி, பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் எதையும் உரக்கத்தான் சொல்வாள். இதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"நீ எழுதிக் குடுத்த பேப்பரு ஊருக்கு. எம்பொண்ணுக்கு இல்ல. அந்த மண்ணுல வெளஞ்ச ஒரு எல கூட இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

பதினைந்து வருட வேலைக்கு என் வீட்டிலேயே கிடைத்த மரியாதை அது. ஊரே நம்பாவிட்டால்கூடப் பரவாயில்லை, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் நம்பவில்லை என்றால் நான் அங்கே போய் என்னத்தை அளக்கிறேன்?

2

இந்தச் சமயத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

செல்வி அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். மாங்காய் சீசனில் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை, மற்ற நாளில் எங்கள் நிலத்து வேலை. யார் பேச்சையும் கேட்டு முடிக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. விசாவுக்கு மூன்று தடவை போய், மூன்றாம் தடவைதான் கிடைத்தது. முதல் இரண்டு தடவையும் "எதுக்குப் போறீங்க" என்று கேட்டதற்கு, "எந்தம்பிய நான் பாக்கப் போறதுக்கு உன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்" என்றாளாம்.

விமான நிலையத்தில் அவள் டப்பாவைத் திறந்து மஞ்சள் தூளைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் அக்கா தெலுங்குல சொன்ன?"

"ஆபீசுக்காரங்க கிட்ட தெலுங்குலதானேடா பேசணும்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் தெலுங்கு மாநிலத்து எல்லை, வீட்டுக்குத் தமிழ், எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தெலுங்கு. சர்க்கார் என்றால் எந்த தேசத்துச் சர்க்காரானாலும் தெலுங்கு தெரிந்திருக்கும் என்று அவள் கணக்கு. அந்த அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, மூடி அனுப்பிவிட்டார்.

வந்த இரண்டாம் நாளே என் பெண் மேகலாவின் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். மேகலாவுக்குப் பதினான்கு வயது. வீட்டுக்குள் எங்களோடு அவள் பேசுவது "ம்", "தெரியாது", "அப்புறம்" இந்த மூன்றும்தான். காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளை, தமிழ் புரியும், வாயில் வராது. நாங்கள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்ததை ராஜியும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா அதையெல்லாம் யோசிக்கவில்லை. காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, "இன்னா கேட்டுக்கினு இருக்கற, எனக்கும் வையி" என்றாள். பெண் சிரித்துவிட்டாள். பிறகு தினமும் காலையில் அத்தையும் மருமகளுமாக நடக்கக் கிளம்பினார்கள். லாண்டிரி நிலத்து நடைபாதை அப்போதே திறந்தாகிவிட்டது, அங்கேதான் போவார்கள்.

நான் பாத்திக்குப் பெயர் கொடுத்திருப்பதையும் ராஜி வேண்டாமென்று சொன்னதையும் அக்காவிடம் சொன்னேன்.

"யாருக்கும் வேணாம்னா நமக்குத்தான்டா அது" என்றாள் அக்கா. "நம்ம நெலம் எப்டி வந்துச்சு, மறந்துட்டியா?"

3

மறக்கவில்லை. எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஐம்பது வயது வரை ஒரு அடி நிலம் கிடையாது. அடுத்தவர் மாந்தோப்பில் குழி வெட்டியே கை காய்த்தவர். நிலம் இல்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கிற டி.கே.டி. பட்டா எங்கள் காலனிக்கு வந்தபோது, கொடுத்தது எந்த இடத்தை? மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரி ஒன்று வருடக்கணக்காகத் தோலையும் கொட்டையையும் புளித்த தண்ணீரையும் கொட்டிவைத்த புறம்போக்கை. ஃபேக்டரி மூடிப் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது ஜனங்கள் ஜன்னலை மூடுவார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் எங்களுக்குக் கொடுத்திருப்பார்களா?

நைனா, அம்மா, அக்கா மூவரும் அந்தக் கசடை வாரி, ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். முதல் போகம் வேர்க்கடலை. சந்தைக்குக் கொண்டுபோனால் ஒருவரும் தொடவில்லை. "அந்த நாத்த நெலத்து கடலையா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். நைனா தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்போது பாவாடை சட்டை போட்ட பெண். மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, பச்சைக் கடலையை உரித்து உரித்துத் துன்ன ஆரம்பித்தாள். மத்தியானம் வரை வாய் ஓயவில்லை. மூட்டை விற்றுப்போயிற்று. அக்கா அன்று முழுக்க வயிற்றுவலியில் புரண்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வேர்க்கடலை உரித்தால் அக்காவைக் கிண்டல் செய்யாமல் இருப்பதில்லை.

அந்த நிலத்தில் மண்வெட்டி வைக்கும் முன்னால், நைனா எங்கள் முன்னோர் இருந்த பழைய ஊர் கங்கம்மா கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, மூலையில் மூன்று கல் நட்டு, கீழே அந்த மண்ணைப் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தார். எங்கள் ஆட்கள் புது இடத்துக்குப் போனால் அப்படித்தான். பழைய இடத்துப் பிடிமண் போகாத இடம் சொந்த இடம் ஆகாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். எனக்குத்தான் புத்தி போகவில்லை.

4

பாத்திகளை ஜனங்களிடம் ஒப்படைப்பதற்கு முந்தின நாள். வெளியிலிருந்து வந்த ஒரு பரிசோதகர் கடைசியாக நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறார். என் மேலதிகாரி ஹெலன் எனக்குப் போன் செய்தாள். ரிட்டயராகப் போகிற வயது, சத்தம் போட்டே பேசமாட்டாள்.

"சேகர், உன் பாத்தியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பொடி கிடக்கிறது. உடனே வா."

அணு ஆலை இருந்த ஊரில் மஞ்சள் பொடி என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும்போது முதலில் கிடைக்கிற பொடியும் மஞ்சள்தான். நான் போவதற்குள் யாரும் நுழையாதபடி சுற்றிலும் நாடா கட்டிவிட்டார்கள். முழுப் பாதுகாப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவில் மூன்று சின்னக் கற்கள், அழகாகப் பொட்டு வைத்துக்கொண்டு. ஒரு வாழைப்பழம் கூட இருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காற்று என் பக்கம் அடித்தது, எங்கள் வீட்டு மஞ்சள் வாசனை. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஹெலன், இது மஞ்சள். சமையலுக்குப் போடுவது. வைத்தது என் அக்கா" என்றேன். "ஆனால் நான் சொன்னேன் என்று எழுதாதே. பாத்தி என்னுடையது, நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான், வைத்தவள் என் அக்கா. நான் இதைத் தொடக்கூடாது. எடுத்துப்போய் முறையாக அளக்கட்டும். அடியில் ஒரு பிடி மண் இருக்கும், அதையும் எடுக்கச் சொல்."

ஹெலன் தலையாட்டினாள். "முடிவு வரும்வரை ஒப்படைப்பை நிறுத்தவேண்டி வரும். தெரியுமல்லவா?"

"தெரியும்."

சாயங்காலத்துக்குள் உள்ளூர்ச் செய்தியில் படம் வந்துவிட்டது: சுத்தம் செய்த நிலத்தில் மஞ்சள் பொடி, விழா ஒத்திவைப்பு. பலகையில் என் பெயருக்குக் கீழே தயங்கித் தயங்கி எழுதியிருந்த இரண்டு மூன்று பேரும் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அக்கா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மேகலா. காதில் ஒன்றும் இல்லை.

"வெறும் நெலத்துல யாருடா மம்முட்டி போடுவாங்க? ஆத்தாள வச்சிட்டுதான போடணும்" என்றாள் அக்கா. "மஞ்சளப் பாத்தா பயந்துட்டாங்க? குண்டு செஞ்சிக்கினு இருந்தப்போ இவங்களுக்கு இந்தப் பயம் எங்க போயிருந்துச்சு?"

பிடிமண் எப்படி வந்தது என்று கேட்டேன். மஞ்சள் டப்பாவின் அடியில், துணியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். வெளிநாட்டு மண்ணை இந்த தேசத்துக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. அது இன்னொரு ஆபீஸ், இன்னொரு விசாரணை.

"நான் அப்பவே சொன்னேன்" என்று ராஜி சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

5

விசாரணைக்கு அக்காவோடு போக என்னை அனுமதிக்கவில்லை. மேகலா போனாள், மொழிபெயர்க்க. மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத என் பெண், ஒரு மணி நேரம் இரண்டு அதிகாரிகளுக்கும் ஒரு அத்தைக்கும் நடுவில் பேசினாள். பிடிமண் என்றால் என்ன, புது இடத்துக்கு ஏன் பழைய மண், தன் தாத்தா நிலம் முன்னால் என்னவாக இருந்தது, எல்லாம் சொல்லியிருக்கிறாள். மண்ணைப் போட்டபோது தானும் பக்கத்தில் நின்றதாகச் சொல்லியிருக்கிறாள். கல்லைப் பொறுக்கிக் கொடுத்ததே அவள்தானாம்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள், தமிழில். "நைனா, தாத்தா நெலம் அவ்ளோ நாறுமா?"

நைனா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். "ரொம்ப நாறும்" என்றேன்.

ஒரு வாரம் போயிற்று. ஹெலன் எங்கள் வீட்டுக்கே வந்தாள். சோபாவில் உட்கார்ந்து, காபி வேண்டாமென்று சொல்லி, பிறகு ராஜி கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். பொடி மஞ்சள், வேறொன்றுமில்லை. லாண்டிரி நிலத்து மண் நாங்கள் எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறது. பிடிமண்ணையும் அளந்தார்கள்.

"இதில் ஒரு வேடிக்கை" என்று கம்ப்யூட்டரில் கோடு போட்ட படத்தைக் காட்டினாள் ஹெலன். இரண்டு மண்ணில் கதிர்வீச்சு கொஞ்சம் தூக்கலாக இருந்தது எங்கள் ஊர் மண். பயப்பட ஒன்றுமில்லை. நம் பக்கம் கருங்கல் மலை, அந்தக் கல் தேய்ந்த மண்ணில் இயற்கையாகவே இந்தச் சரக்கு துளித்துளி இருக்கும். உலகத்தில் பல இடத்தில் அப்படித்தான்.

அக்காவுக்காக நான் தமிழில் சொன்னதும் ராஜி கண்ணை விரித்தாள். "அப்போ நம்ம ஊரு மண்ணுதான் ஜாஸ்தியா?"

"ஆத்தா மண்ணு இல்ல? அப்டித்தான் இருக்கும்" என்றாள் அக்கா, பெருமையாக.

வெளிநாட்டு மண்ணை விதிப்படி அடுப்பில் வைத்துச் சுட்டுவிட்டார்கள், பூச்சி புழு இருக்கக் கூடாதென்று. அக்காவை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சுட்ட மண்ணை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஹெலன் கொண்டுவந்திருந்தாள், இனி எங்கே வேண்டுமானாலும் போடலாமாம். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். மேகலா சொல்லிவிட்டாள்.

அக்கா குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கங்கம்மாவுக்கு நெருப்பு இன்னா புதுசா? பர்லேது, ஒண்ணும் ஆவாது."

போகும்போது வாசலில் நின்று ஹெலன் ஒன்று கேட்டாள். அவளுடைய அப்பா அந்த லாண்டிரியில் உடுப்பு துவைத்தவர். நெஞ்சு நோயில் போனவர். தனக்கும் பக்கத்துப் பாத்தி வேண்டும், அதிலும் அக்கா அந்தக் கல்லை வைத்துத் தருவாளா என்றாள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எழுந்துபோய் மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குச் சமையலறையில் ராஜி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"பாத்த ஒடனே மஞ்சள்னு தெரிஞ்சிடுச்சா ஒனக்கு?"

"தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் அளக்காம வுடல."

"எப்டி வுடறது? எங்கையெழுத்தாச்சே அதுல."

ராஜி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

6

ஒப்படைப்பு நடந்தது. "அது சமையல் மஞ்சள்" என்று அதே செய்தியில் வந்ததும் ஊரே சிரித்தது. மூன்று கல்லைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள். அக்கா குப்பி மண்ணைக் கல்லுக்கு அடியில் போட்டு, மிச்சம் ஒரு சிட்டிகையை ஹெலன் பாத்தியில் போட்டாள். முளைக்கீரை விதை இங்கேயே கிடைத்தது. தண்ணீர் விடுவது மேகலா பொறுப்பு. பள்ளிக்கூடச் சிநேகிதிகளையும் இழுத்துக்கொண்டு போவாள். நான் கேட்காமலே இன்றைக்கு எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று சொல்வாள்.

கீரை தழைத்ததும் அக்கா ஒரு கட்டு பறித்துவந்து சமையலறை மேடையில் வைத்தாள். ராஜி அதைப் பார்த்தாள், நகர்த்தி வைத்தாள். அக்கா தனக்கு மட்டும் ஒரு சட்டியில் கடைந்து, எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கும் ஒரு கரண்டி போட்டாள். சந்தையில் கடலை தின்ற அதே முகம். ராஜியைச் சாப்பிடச் சொல்லி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பெண்ணுக்கு அவள் பயப்படுவதில் என்ன தப்பு இருக்கிறது?

மாங்காய் சீசன் நெருங்கியதும் அக்கா கிளம்பிவிட்டாள். மண்டியில் ஆள் போதவில்லையாம். அவளை ஏற்றிவிட்டு வந்த மறுநாள் வீடே வெறிச்சென்று இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது ராஜி என் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். மேகலா தன்னுடையதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மத்தியானம் ஹெலனுக்கு எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சோறு, பூண்டு தட்டிப் போட்ட கீரைக் கடையல். கடைக் கீரைக்கு அந்த நிறம் வராது. எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ராஜி, கீரை எங்க இருந்து?"

"எங்க இருந்துன்னா? ஒன் நெலத்துல இருந்துதான். காலைல நானே போயி பறிச்சிக்கினு வந்தேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "மேகலாவுக்கு டப்பாவுல இன்னா கட்டன?"

"இது இன்னா கேள்வி?" என்றாள் ராஜி, எப்போதும்போல உரக்க. "ஒரு வூட்டுல ரெண்டு சட்டியா வைப்பாங்க?"